போட்டாச்சா என்று மட்டும் கேட்காதீர்கள்

"ஒரே நாளில் மூணு ஊசியா? பிஞ்சு உடம்பு தாங்குமா சிஸ்டர்? வாரத்துக்கு ஒண்ணாப் பிரிச்சுப் போட்டுக்கலாமா?" கிராம சுகாதார செவிலியராக நான் வேலை பார்த்த கடைசி வருடங்களில் இந்தக் கேள்வி அதிகமாகிவிட்டது. கேட்டவர்கள் பெரும்பாலும் பட்டம் படித்த இளம் தாய்மார்கள். வெள்ளைக் கோட்டுப் போட்ட யாரோ கைபேசியில் பேசியதைப் பார்த்துவிட்டு வந்திருப்பார்கள். அவர்களை நான் கேலி செய்ய மாட்டேன். பிள்ளையின் தொடையில் ஊசி இறங்கும்போது பதறாத தாய் யார்?

ஆனால் சாத்தூர், சிவகாசிப் பக்கம் நான் அதிகம் கேட்ட கேள்வி இதுவல்ல. "இன்னைக்குப் போட்டா ராத்திரி மேலு காயுமா நர்ஸம்மா? நாளைக்குத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகணும். அடுத்த புதனுக்குத் தூக்கிட்டு வரட்டுமா?" என்பதுதான் அது. முதல் கேள்விக்கு இணையம் முழுக்கப் பதில்கள். இரண்டாவது கேள்வியை யாரும் விவாதிப்பதில்லை. ஒருத்தி பயந்து தள்ளிப்போடுகிறாள், இன்னொருத்தி கூலி போகும் என்று தள்ளிப்போடுகிறாள். இரண்டு வீட்டிலும் பிள்ளை சில மாதங்கள் காப்பில்லாமல் கிடக்கிறது. நோய்க் கிருமி காரணம் கேட்டு வருவதில்லை.

முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் '45 நாள் ஊசி' என்பார்கள். கணக்குப்படி ஆறு வாரம், அதாவது 42 நாள். அன்று இடது தொடையில் பென்டா, வலது தொடையில் நிமோனியாவுக்கான பி.சி.வி., வலது கையில் தோலுக்குள் போலியோ ஊசி, வாயில் போலியோ சொட்டும் ரோட்டா சொட்டும். பார்க்கக் கூட்டமாகத்தான் தெரியும். ஆனால் பென்டா என்பதே தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, மஞ்சள் காமாலை பி, ஹிப் கிருமி என்று ஐந்துக்கும் சேர்த்த ஒரே குத்து. 2011 டிசம்பரில் இந்தியாவிலேயே முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் அது வந்தது. அதற்கு முன் முத்தடுப்பு ஊசி தனி, காமாலை ஊசி தனி. ஹிப் ஊசி தனியார் மருத்துவமனையில் காசு கொடுத்தவர்களுக்கு மட்டும். இன்று குத்துகள் பெருகிவிட்டதாக வருத்தப்படுகிறவர்கள், அன்று ஹிப்பால் மூளை உறையில் சீழ் பிடித்து வலிப்போடு தூக்கி வரப்பட்ட பிள்ளைகளைப் பார்த்ததில்லை.

பிஞ்சு உடம்பு தாங்குமா என்றால், பிறந்த நிமிடத்திலிருந்து அது தாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. தாயின் தோல், தொட்டில் சேலை, முத்தம் கொடுக்க வரும் சித்தப்பா என்று ஒவ்வொன்றிலும் எண்ணற்ற கிருமிகள். அவற்றோடு ஒப்பிட்டால் ஊசியில் இருப்பது ஒன்றுமே இல்லை. புதிதாக ஒரு தடுப்பூசியைச் சேர்க்கும் முன், பழையவற்றோடு ஒரே நாளில் போட்டால் ஒன்றை மற்றது கெடுக்கிறதா என்றும் சோதித்துப் பார்க்கிறார்கள். வாரத்துக்கு ஒன்றாகப் பிரித்தால் குத்து குறையப் போவதில்லை. அழுகை ஒரு நாளோடு போகாமல் மூன்று நாளாகும், காய்ச்சலும் அப்படியே.

பிரித்தால் வேறு சிக்கலும் உண்டு. எம்.எம்.ஆர்., சின்னம்மை ஊசி போன்றவை உயிருள்ள, பலவீனப்படுத்தப்பட்ட கிருமியால் ஆனவை. அவற்றை ஒரே நாளில் போடலாம். அன்று போடாவிட்டால் அடுத்ததற்கு நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். இடையில், எட்டாம் நாளோ பதினைந்தாம் நாளோ போட்டால் இரண்டாவது ஊசி சரியாகப் பிடிக்காமல் போகலாம். 'பாதுகாப்பாக' ஒரு வாரம் விட்டுப் போட்டுக்கொண்டவர்கள், காசும் கொடுத்து ஊசியையும் வீணாக்கியிருக்கிறார்கள்.

ஒரே ஊசியின் தவணைகளுக்கு இடையிலும் நான்கு வாரம்தான். அது எங்கிருந்து வந்தது? 45, 75, 105 என்று நாங்கள் நாள் சொல்வதெல்லாம் ஆறு, பத்து, பதினான்கு வாரங்கள்தான். முதல் தவணையில் உடம்பு கிருமியை அடையாளம் கண்டு, மெதுவாக எதிர்ப்பைத் திரட்டி, நினைவில் வைத்துக்கொள்ளச் சில வாரங்கள் பிடிக்கும். சுண்ணாம்பின் முதல் பூச்சு காயாமல் இரண்டாம் பூச்சு அடித்தால் சுவரில் நிற்காது என்று தாய்மார்களுக்குச் சொல்வேன். அதனால் நான்கு வாரத்துக்குள் வந்தால் போடமாட்டோம். "ஊருக்குப் போறேன், முன்கூட்டியே போட்டு விடுங்க" என்று கெஞ்சியவர்களைத் திருப்பி அனுப்பித் திட்டு வாங்கியிருக்கிறேன்.

தாமதமாக வந்தால் அப்படி இல்லை. எத்தனை மாதம் கழித்து வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. இதை நான் எல்லாரிடமும் சத்தமாகச் சொல்வேன். ஏனென்றால் "தேதி தவறிப் போச்சு, இனிமே போனா நர்ஸ் கத்தும்" என்று வராமலே இருந்துவிட்ட வீடுகள் நிறைய. எங்களில் சிலர் கத்தவும் செய்வோம். தாமதமாக வந்த தாயிடம் ஒரு வார்த்தை அதிகம் பேசினால் அடுத்த தவணைக்கு அவள் வரமாட்டாள் என்பது புரிய எங்கள் துறைக்கே நீண்ட காலம் ஆனது.

வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளின் அட்டையைக் காட்டி, "அமெரிக்காவில் ரெண்டு, நாலு, ஆறு மாசத்தில்தானே போடறாங்க, நம்ம ஊரில் ஏன் இப்படி அவசரம்?" என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. இடைவெளி கொஞ்சம் நீண்டால் எதிர்ப்புப் புரதம் சற்றுக் கூடுதலாகவே கிடைக்கும் என்பது உண்மை. பிரிட்டனில் 8, 12, 16 வாரம். ஆனால் அட்டவணையைத் தீர்மானிப்பது உடம்பு மட்டுமல்ல, ஊரில் எந்த நோய் எந்த வயதில் பிடிக்கிறது என்பதும்தான். கக்குவான் இருமல் பெரிய பிள்ளையை வாரக்கணக்கில் வாட்டும், கொல்வது பெரும்பாலும் சில மாதச் சிசுக்களை. அந்த வயதில் 'கூ' என்ற சத்தம்கூட வராது. இருமி இருமி மூச்சே நின்றுபோகும். அந்த வயதுக்கு முன்னால் ஓட வேண்டியிருப்பதால்தான் ஆறு வாரத்தில் தொடங்கி விரைவாக முடிக்கிறோம்.

ஒன்பது மாத ஊசிதான் இந்தக் கணக்கு எவ்வளவு நுட்பமானது என்பதைக் காட்டும். தட்டம்மைக்கான எதிர்ப்பு தாயிடமிருந்து தொப்புள்கொடி வழியே குழந்தைக்கு வந்திருக்கும். அது இருக்கும்வரை ஊசி மருந்தையும் அடித்து வீழ்த்திவிடும். ஒன்பது மாதத்தில் போட்டால் நூற்றுக்கு எண்பத்தைந்து பிள்ளைகளுக்குப் பிடிக்கும், ஒரு வயதில் போட்டால் தொண்ணூற்றைந்துக்கு. அப்படியானால் ஒரு வயதுவரை காத்திருக்கலாமே என்றால், தட்டம்மை இல்லாத நாடு அப்படிக் காத்திருக்கலாம். நமக்கு அந்த மூன்று மாதம் ஆபத்தான மாதம். அதனால் ஒன்பதில் ஒன்று போட்டு, விடுபட்டவர்களுக்காக ஒன்றரை வயதில் இன்னொன்று. 2022 கடைசியில் மும்பையில் தட்டம்மை பரவிப் பிள்ளைகள் இறந்தபோது, ஒன்பது மாதம் நிரம்பாதவர்களிடையே நோய் அதிகம் தென்பட்ட இடங்களில் ஆறு மாதத்திலேயே கூடுதலாக ஒரு தவணை போடலாம் என்று மத்திய அரசு சொன்னது. அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, ஒன்பது மாத ஊசியைப் பிறகு தனியாகப் போட வேண்டும். இந்தத் தேதிகள் யாரோ மேசையில் உட்கார்ந்து தோன்றியபடி எழுதியவை அல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தெரியாது.

நான் சொல்லவந்தது இந்தத் தேதிகள் எங்கே, யாரால் நழுவுகின்றன என்பது.

எங்கள் பக்கம் தலைப்பிரசவம் தாய் வீட்டில். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ நல்ல நாள் பார்த்துப் பிள்ளையோடு புருஷன் வீட்டுக்கு அனுப்புவார்கள். 45 நாள், 75 நாள் ஊசிகள் அம்மாச்சி துணையோடு சரியாக நடந்துவிடும். 105 நாள் ஊசி இந்த இடம்பெயர்வின் நடுவில் வந்து விழும். கிளம்பும் அவசரத்தில் இங்கே விடுபடும். போன இடத்தில் புது மருமகள், "பிள்ளைக்கு ஊசி போடணும் அத்தை" என்று வாய் திறக்க நாளாகும். போட்டு ராத்திரி பிள்ளை காய்ந்தால் பழி அவள் தலையில். அனுப்பிய ஊர் செவிலியர் 'அங்கே போட்டிருப்பார்கள்' என்று நினைப்பார். வந்த ஊர் செவிலியருக்கு இப்படி ஒரு பிள்ளை வந்திருப்பதே தெரியாது. கர்ப்பம் பதிவான நாளிலிருந்து அந்தத் தாய்க்கு பிக்மி எண் இருக்கிறது, இப்போது தடுப்பூசிப் பதிவுக்கான யு-வின் தளமும் இருக்கிறது. கணினிக்கு எல்லாம் தெரியும். 'உங்கள் ஊருக்கு ஒரு பிள்ளை வருகிறது, 105 நாள் பாக்கி' என்று ஒரு செவிலியர் இன்னொருவருக்குப் போன் செய்வதை மட்டும் யாரும் வேலையாக வைக்கவில்லை. செய்தவர்கள் சொந்த ஆர்வத்தில் செய்தார்கள்.

பிறகு ஒன்றரை வயது. அதற்குள் தாய் வேலைக்குத் திரும்பியிருப்பாள், அல்லது அடுத்த பிள்ளை வயிற்றில். முதல் தேதிகளில் இருந்த பயபக்தி போயிருக்கும். "எல்லாம் போட்டாச்சே" என்பார்கள். தொண்டை அடைப்பானுக்கான காப்பு காலப்போக்கில் தேயும். ஒன்றரையிலும் ஐந்திலும் புதுப்பிக்காவிட்டால் பள்ளி வயதில் ஓட்டை விழும். 2016-ல் மலப்புரத்தில் தொண்டை அடைப்பான் திரும்பி வந்தபோது பிடிபட்டவர்களில் பலர் கைக்குழந்தைகள் அல்ல, பள்ளிப் பிள்ளைகளும் பெரியவர்களும். அந்த நோய்க்குக் கொடுக்கும் முறிமருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பது. அவசரத்துக்கு எளிதில் கிடைக்கும் சரக்கு அல்ல.

சளி இன்னொரு சாக்கு. மூக்கு ஒழுகினால், லேசாக வயிற்றோட்டம் இருந்தால் ஊசி போடலாம். உடம்பு நெருப்பாகச் சுடுகிறது, பிள்ளை துவண்டு கிடக்கிறது என்றால்தான் தள்ளிவைக்க வேண்டும். ஆனால் மழைக்காலத்தில் எந்தக் கைக்குழந்தைக்கு மூக்கு ஒழுகவில்லை? சளி நிற்கட்டும் என்று பார்த்தால் தை பிறந்துவிடும். பெற்றோர் மட்டுமல்ல, சில மருத்துவர்களே அப்படித் திருப்பி அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கும் பிறந்த தேதியிலிருந்துதான் கணக்கு. "எட்டாம் மாசத்தில் பிறந்தது, ஒரு மாசம் கூட்டிப் போடுவோம்" என்பது பரிவுபோலத் தோன்றும். நோய் முதலில் தேடி வருவது அந்தப் பிள்ளையைத்தான்.

"இவனுக்கு ஏற்கெனவே மணல்வாரி போட்டிருச்சு, ஆத்தா இறங்கிட்டா" என்று ஒன்பது மாத ஊசிக்கு மறுப்பவர்களோடு நான் வாதாட மாட்டேன். வேப்பிலையை எடுக்கச் சொல்லவும் மாட்டேன். பங்குனி, சித்திரையில் உடம்பில் எது பொரிந்தாலும் நம் வீடுகளில் அதற்கு அம்மை என்றுதான் பெயர். வந்தது தட்டம்மைதானா என்று யாருக்கும் உறுதியில்லை. வந்திருந்தாலும் ஊசியால் கெடுதல் இல்லை. "ஆத்தா இறங்கட்டும், தண்ணி ஊத்தியதும் தூக்கிட்டு வா தாயி" என்று சொன்னால் வந்துவிடுவார்கள்.

தள்ளிப்போட்டால் என்ன போகும் என்பதையும் சொல்ல வேண்டும். 'விட்ட இடத்திலிருந்து தொடரலாம்' என்பது தொடங்கிய தவணைக்குத்தான் பொருந்தும். அரசுத் திட்டத்தில் சில ஊசிகளுக்கு வயது எல்லை உண்டு. காமாலை பி-யின் பிறப்புத் தவணை 24 மணி நேரத்துக்குள். பிரசவத்தில் தாயிடமிருந்து அந்த வைரஸ் தொற்றிய சிசுக்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அது வாழ்நாள் முழுதும் கல்லீரலில் தங்கிவிடும் என்பதால் இந்த அவசரம். ஞாயிற்றுக்கிழமை பிறந்ததால் 'திங்கள் பார்த்துக்கலாம்' என்று தனியார் பிரசவ விடுதிகளில் விடப்பட்ட பிள்ளைகளை நான் அறிவேன். போலியோவின் பிறப்புச் சொட்டுக்கு 15 நாள். பி.சி.ஜி. ஒரு வயது வரை. ரோட்டா சொட்டையும் பென்டாவையும் ஒரு வயதுக்குள் தொடங்காவிட்டால் பிறகு கிடையாது. முத்தடுப்பு ஊசி மட்டும் கிடைக்கும், ஹிப்பும் காமாலையும் போயே போச்சு.

பெற்றோரை இவ்வளவு சொன்னவள், எங்கள் தரப்பையும் சொல்லத்தான் வேண்டும். தட்டம்மை-ருபெல்லா ஊசி தூளாக வரும். கரைத்த பிறகு நான்கு மணி நேரம்தான் அதற்கு ஆயுள். மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். ஒரு குப்பியில் பல குழந்தைகளுக்கான மருந்து இருக்கும். ஊசி போடும் நாளான புதன்கிழமை ஒரே ஒரு ஒன்பது மாதக் குழந்தை வந்தால் என்ன செய்வது? ஒரு குழந்தை வந்தாலும் திற என்பதுதான் விதி. ஆனால் வீணான அளவைக் கேட்டு மேலிருந்து ஆள் வருவார்கள், வராத நோயைப் பற்றி யாரும் வந்து கேட்பதில்லை. ஆகவே, "இன்னும் ரெண்டு பேர் சேரட்டும், அடுத்த வாரம் வாங்க." ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவளிடம் இதைச் சொல்கிறோம். அவள் அடுத்த வாரம் வரவில்லை என்றால் பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே 'வரவில்லை' என்று எழுதுகிறோம்.

தாய்மார்களின் பயம் மூடத்தனம் அல்ல என்பதைத் தமிழ்நாடு 2008-ல் கற்றது. அந்த ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தார்கள். அதற்குப் பிறகு துணை சுகாதார நிலையங்களில் ஊசி போடுவது நிறுத்தப்பட்டு, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றப்பட்டது. எச்சரிக்கை சரிதான். ஆனால் பாலவாடிக்கு நடந்து வந்தவள் அதன் பிறகு பஸ் பிடிக்க வேண்டியதாயிற்று. தேசியக் குடும்பநல ஆய்வின்படி முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் தமிழகத்தில் 2005-06-ல் 80.9 சதவீதம், 2015-16-ல் 69.7. சரிவுக்குக் காரணம் ஒன்றல்ல, தூரம் அதில் ஒன்று என்பது என் எண்ணம். 2019-21-ல் 89.2-க்கு ஏறியது, அதற்குப் பின்னால் எங்கள் கால்கள் இருக்கின்றன என்று பெருமையாகவே சொல்வேன்.

ஆனால் அந்த 89.2-இலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஒன்று முதல் இரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு அடிப்படை ஊசிகள் போடப்பட்டிருக்கின்றனவா என்றுதான் அது கேட்கிறது. எப்போது போட்டார்கள் என்று கேட்பதில்லை. ஆறாம் வாரத்தில் தொடங்கிய பிள்ளையும் ஆறாம் மாதத்தில் தொடங்கிய பிள்ளையும் அந்தக் கணக்கில் ஒன்றே. கக்குவான் இருமலின் கணக்கில் அவர்கள் ஒன்றல்ல. தேதி ஒவ்வொரு அட்டையிலும் எழுதப்பட்டிருக்கிறது, யு-வின்னிலும் ஏறிக்கொண்டிருக்கிறது. வட்டாரவாரியாக, உரிய வாரத்தில் போடப்பட்டவை எத்தனை என்று மாதாமாதம் வெளியிடச் சுகாதாரத் துறைக்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

அப்படிக் கணக்கிட்டால் புதன்கிழமையின் குறைகளும் தெரியவரும். கூலி வேலைக்குப் போகும் பெண்கள் நிறைந்த ஊரில் வாரத்தின் நடுநாள் காலை ஏன்? சிவகாசிப் பக்கம் ஞாயிறு ஆபீஸ் விடுமுறை. மாதத்தில் ஒரு ஞாயிறோ, வேலை முடிந்து வேன் வந்து இறக்கிவிடும் சாயங்கால நேரமோ ஊசி போட்டால், பதிவேட்டில் 'வரவில்லை' என்று இருப்பவர்களில் பாதிப்பேர் தானாக வருவார்கள் என்று நான் நம்புகிறேன். ஞாயிறு வேலை பார்க்கும் செவிலியருக்கு வேறு நாள் விடுப்பு கொடுக்க வேண்டும், அதைச் சொல்லாமல் விட்டால் என் சக ஊழியர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். ஒரு குழந்தைக்காகக் குப்பி திறந்தவரிடம் விளக்கம் கேட்கும் வழக்கத்தையும் எழுத்து மூலமாக நிறுத்த வேண்டும். தாய் வீட்டிலிருந்து பிள்ளை கிளம்பும்போது செய்யும் அந்த ஒரு போன், செவிலியரின் வேலைப் பட்டியலில் ஏற வேண்டும்.

பெற்றோருக்கு ஒன்று. அட்டையில் ஏதேனும் ஒரு கட்டம் காலியாக இருந்தால், எத்தனை மாதம் ஆகியிருந்தாலும் அட்டையோடு போய் நில்லுங்கள். போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். அடுத்த தேதியைப் பென்சிலில் எழுதினால் பேனாவில் எழுதச் சொல்லுங்கள்.